அஃபிடவிட்னா என்ன? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இந்த ஒரு வார்த்தைய நல்லா தெரிஞ்சுக்கோங்க

எங்க கடை கோர்ட்டுக்கு எதிர்ல இருக்கு, ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன்னு எல்லாம் பண்றோம், பதினாலு வருஷமா நான் அங்க உக்காந்து டைப் அடிக்கிறேன். தெனமும் யாராவது வந்து "அண்ணே, ஒரு அபிடவிட்டு போடணும்"னு நிப்பாங்க. எதுக்குன்னு கேட்டா "ஆபீஸ்ல கேட்டாங்க"ம்பாங்க, உள்ள என்ன எழுதணும்னு கேட்டா "நீங்களே போடுங்கண்ணே, உங்களுக்கு தெரியாததா"ம்பாங்க. அடிச்சு குடுத்ததும் கடைசி பக்கத்த மட்டும் திருப்பி கையெழுத்து போட்டுட்டு நோட்டரிய தேடி ஓடுவாங்க. அதுல "நான்"னு ஆரம்பிச்சு ஒவ்வொரு வரியும் அவங்க வாயால சொன்ன மாதிரி எழுதியிருக்கு, ஆனா அவங்க அதுல ஒரு வரி கூட படிச்சிருக்க மாட்டாங்க. எனக்கு அது ஒவ்வொரு தடவையும் மனச உறுத்தும். அஃபிடவிட்னா, நடந்தது இதுதான்னு சத்தியம் பண்ணி எழுத்துல குடுக்குற பேப்பர். அதனால இந்த வார்த்தைய மொதல்லேருந்து சொல்லித்தர்றேன், புதுசா காலேஜ் சேர்றவங்க, பேர் திருத்தம் பண்றவங்க, மொத தடவ கோர்ட் படி ஏறுறவங்க எல்லாருக்கும் ஆகும்.

மொதல்ல எழுத்தும் உச்சரிப்பும்

ஊர்ல அபிடவிட்டு, அப்டவிட், அஃபிடேவிட்னு பல மாதிரி சொல்லுவாங்க, எல்லாருக்கும் புரியும், தப்பில்ல. இங்கிலீஷ்காரங்க சொல்றது அஃபி-டே-விட், அழுத்தம் "டே"ல விழும். affidavit-னு எழுதும்போதுதான் நெறைய பேர் தடுக்கி விழுறாங்க. எஃப் ரெண்டு வரும், ஒண்ணு இல்ல. நடுவுல டி-க்கு அப்புறம் ஏ வரும், இ இல்ல. கடைசில டேவிட்டுங்கற ஆள் பேர் மாதிரி டி போடக்கூடாது, கடைசி எழுத்து விட்-ல வர்ற ட், அதாவது டீ. முன்னாடி "எ" போடக்கூடாது, "அன்"தான் போடணும், ஏன்னா உயிரெழுத்து சத்தத்துல ஆரம்பிக்குது: அன் அஃபிடவிட்.

கடைசி எழுத்து மறக்காம இருக்க நான் ஒரு வழி வச்சிருக்கேன். தமிழ்ல ஒரு வேலை முடிஞ்சு போச்சுன்னு சொல்ல "சொல்லிவிட்டார், செய்துவிட்டார்"னு "விட்டார்" சேர்க்குறோம்ல, அந்த "விட்" இங்கயும் இருக்குன்னு நெனச்சுக்கோங்க. ரெண்டு மொழிக்கும் இதுல எந்த சம்பந்தமும் இல்ல, தற்செயலா ஒத்துப்போகுது, ஆனா அர்த்தமும் கிட்டத்தட்ட அதேதான்ங்கறது அடுத்ததா சொல்லப்போற விஷயத்துல தெரியும்.

இந்த வார்த்தை ஒரு பேரே இல்ல, ஒரு முழு வாக்கியம்

அஃபிடவிட் லத்தீன் வார்த்தை. இடைக்கால லத்தீன்ல அஃபிடாரே-ன்னு ஒரு வினைச்சொல் இருந்துச்சு, நம்பிக்கைய பணயமா வச்சு வாக்கு குடுக்குறதுன்னு அர்த்தம். அதோட இறந்தகால வடிவம்தான் அஃபிடவிட், அதாவது "அவங்க சத்தியம் பண்ணிட்டாங்க". ஆணா பொண்ணான்னு அந்த வடிவம் காட்டாது, நம்ம "பண்ணிட்டாங்க" மாதிரியே. பழைய காலத்துல அந்த ஆவணங்கள் லத்தீன்லதான் எழுதுவாங்க, அதுல இன்னார் சத்தியம் பண்ணிட்டார்னு வர்ற அந்த ஒரு சொல்லே நாளடைவுல காகிதத்துக்கு பேராயிடுச்சு. யோசிச்சு பாருங்க, நம்ம ஊர்ல ஒருத்தர் "அந்த சத்தியம்பண்ணிட்டார எடுத்துட்டு வாப்பா"ன்னு ஒரு பேப்பர கேட்டா எப்படி இருக்கும், அப்படித்தான் இது. இங்கிலீஷ்ல 1590கள்லேருந்து இந்த சொல் புழக்கத்துல இருக்கு.

இது மட்டும் இல்ல, இங்கிலீஷ்ல இப்படி முழு வினைச்சொல்லே பேராகிப்போனது நெறைய இருக்கு, அதுலயும் பாதி கோர்ட்லதான் கெடக்கு. என்னைய கேக்காம உத்தரவு போடாதீங்கன்னு கோர்ட்ல முன்கூட்டியே கேவியட் போடுறதும்பாங்கள்ல, அதுக்கு "அவர் உஷாரா இருக்கட்டும்"னு அர்த்தம். வீட்டோன்னா "நான் தடுக்குறேன்". அதிகாரிய கடமைய செய்யச் சொல்லி கோர்ட் போடுற மாண்டமஸ்னா "நாங்க உத்தரவு போடுறோம்". பட்ஜெட் நேரத்துல கேக்குற டெஃபிசிட்டுக்கு "குறையுது"ன்னு அர்த்தம். தியேட்டர் கதவு மேல எழுதியிருக்குற எக்சிட்டும் லத்தீன்ல "அவர் வெளிய போறார்"தான். ஆள்கொணர்வு மனுவோட இங்கிலீஷ் பேரான ஹேபியஸ் கார்பஸ் கூட "உடம்ப நீ கொண்டுவந்து வைக்கணும்"னு ஒரு உத்தரவோட ஆரம்ப வார்த்தைங்க. இங்கிலாந்துல கோர்ட் பதிவேடெல்லாம் லத்தீன்லயே எழுதிட்டு இருந்தாங்க, 1733லேருந்துதான் சட்டப்படி எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கணும்னு ஆச்சு, ஆனா அதுக்குள்ள இந்த மாதிரி சொல்லெல்லாம் நாக்குல ஒட்டிக்கிச்சு, போகவே இல்ல.

அஃபிடாரேக்கு உள்ள இருக்குற வேர் ஃபிடெஸ். நம்பிக்கை, விசுவாசம், சொன்ன சொல் மாறாமைன்னு பல அர்த்தம் இதுல அடங்கும். ரோமாபுரில ஃபிடெஸ் ஒரு பெண் தெய்வம், கேபிடல் குன்று மேல அவங்களுக்கு கோவில் இருந்துச்சு, ரோம நாணயங்கள்ல ரெண்டு வலது கை கோத்துக்கிட்டு இருக்குற மாதிரி படம் போட்டு அந்த பேர பொறிச்சிருப்பாங்க. நம்ம ஊர்ல கையில அடிச்சு சத்தியம் பண்றது, கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றதெல்லாம் பாத்தவங்களுக்கு இத விளக்கவே வேணாம். தெய்வத்த சாட்சியா வச்சு ஒரு சொல்ல குடுத்தா அத திருப்பி வாங்க முடியாதுங்கற எண்ணம் அங்கயும் அதேதான்.

இந்த குடும்பத்துல உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச வார்த்தைங்க இருக்கு. பேங்க் லோனுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் காலேஜ்ல வாங்குற போனஃபைடு சர்டிஃபிகேட் ஞாபகம் இருக்கா, அந்த போனஃபைடுன்னா "நல்ல நம்பிக்கையோட"ன்னு அர்த்தம், அதுல இருக்குறதும் ஃபிடெஸ்தான். கான்ஃபிடன்ஸ் அதே வேர், ஃபெய்த் அதே வேர், பாட்டு கேக்குற செட்டுக்கு ஹை-ஃபைன்னு சொல்றோமே அதுல ஃபைங்கறது ஃபிடிலிட்டி, மூலக் குரலுக்கு விசுவாசமா இருக்குறது. நிச்சயம் ஆன மாப்பிள்ளைய ஃபியான்சேன்னு சொல்றதும் இந்த வேர்லேருந்து வந்ததுதான். அது மட்டுமில்ல, அஃபிடாரேங்கற அதே வினைச்சொல் பிரெஞ்சு வழியா வந்து இங்கிலீஷ்ல அஃபையன்ஸ்னு ஒரு பழைய சொல்லா நிக்குது, அதுக்கு நிச்சயதார்த்தம் பண்றதுன்னு அர்த்தம். ஒரே வார்த்தை ஒரு பக்கம் கல்யாண நிச்சயமாவும் இன்னொரு பக்கம் நோட்டரி பேப்பராவும் போயிருக்கு, ரெண்டுலயும் நடக்குறது ஒண்ணுதான், வாக்கு குடுக்குறது.

சத்தியமா, உறுதியா: இந்த ரெண்டுக்கும் வித்தியாசம்

நீங்க அஃபிடவிட்ட படிச்சா "சாலம்லி அஃபர்ம்"னு ஒரு இடம் வரும், சில ஃபார்ம்ல "ஸ்வேர்"னு வரும். ஸ்வேர்னா கடவுள் மேல ஆணையா சத்தியம், அஃபர்ம்னா கடவுள் பேர சொல்லாம மனசார உறுதி சொல்றது. நம்ம ஊர்ல இது எல்லாருக்கும் டிவில பாத்த விஷயம், அமைச்சருங்க பதவி ஏற்கும்போது சிலர் "கடவுள் அறிய"ன்னு சொல்லுவாங்க, சிலர் "உளமார உறுதி கூறுகிறேன்"னு சொல்லுவாங்கள்ல, அந்த "உளமார"தான் சாலம்லி அஃபர்ம்.

இந்த ரெண்டாவது வழி சும்மா வரல. இங்கிலாந்துல குவேக்கர்னு ஒரு கிறிஸ்தவ பிரிவினர், சத்தியமே பண்ணக்கூடாதுன்னு பைபிள்ல இருக்கு, அதனால எதுக்கும் சத்தியம் பண்ண மாட்டோம்னு நின்னாங்க, ஜெயிலுக்கும் போனாங்க. 1690கள்ல அவங்களுக்காக ஒரு சட்டம் வந்து உறுதி சொன்னா போதும்னு ஆச்சு. நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880ல நார்தாம்ப்டன்லேருந்து எம்பியா ஜெயிச்சும் இந்த சத்தியப் பிரச்சனையால வருஷக்கணக்கா சபையில அவர உக்கார விடல, தொகுதி காலின்னு அறிவிச்சு திரும்ப தேர்தல் வைப்பாங்க, அவரே திரும்ப ஜெயிப்பார், கடைசில 1886ல தான் உக்காந்தார், 1888ல அவர் முயற்சியாலயே மத நம்பிக்கை இல்லாதவங்களும், சத்தியம் தன் மதத்துக்கு எதிரானதுன்னு சொல்றவங்களும் சத்தியத்துக்கு பதிலா உறுதி சொல்லலாம்னு சட்டம் வந்துச்சு.

நம்ம பக்கத்துலயும் ஒரு கதை இருக்கு. கம்பெனி ஆட்சில இந்துக்கள கங்கை தண்ணி மேலயும் முஸ்லிம்கள குர்ஆன் மேலயும் கோர்ட்ல சத்தியம் பண்ண வச்சாங்க, 1840ல அந்த வழக்கத்த நிறுத்தி அதுக்கு பதிலா உறுதிமொழி சொன்னா போதும்னு ஆக்குனாங்க. நம்ம பேப்பர்கள்ல "சாலம்லி அஃபர்ம்" இவ்வளவு ஊறிப்போனதுக்கு இதுதான் காரணம்னு நான் நெனைக்கிறேன். இப்ப நடப்புல இருக்குறது 1969ம் வருஷ சத்தியப்பிரமாண சட்டம். ரெண்டுல எத சொன்னாலும் சட்டத்துக்கு முன்னாடி எடை ஒண்ணுதான், கடவுள் பேர் சொல்லலியே அதனால பொய் சொன்னா பரவால்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இலங்கைல இந்த வித்தியாசம் இன்னும் தெளிவா தெரியும். அங்க தமிழ்ல இதுக்கு சத்தியக் கடதாசின்னு பேர், எனக்கு நம்ம "உறுதிமொழிப் பத்திரம்", "பிரமாணப் பத்திரம்" ரெண்டவிடவும் இதுதான் ரொம்ப பிடிக்கும், அர்த்தம் அப்படியே நேரா நிக்குது. சமாதான நீதவான் (இங்கிலீஷ்ல ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்) முன்னாடி போய் கையெழுத்து போடுவாங்க, ஆரம்பத்துலயே தன்னோட சமயம் என்னன்னு எழுதி, இந்துவா இருந்தா உறுதி சொல்றதாவும் கிறிஸ்தவரா இருந்தா சத்தியம் பண்றதாவும் வாசகம் மாறும்.

இப்ப பேப்பர கையில எடுங்க

அடுத்த வேலை, ஒரு அஃபிடவிட்ட மேலேருந்து கீழ வரைக்கும் படிக்கத் தெரிஞ்சுக்குறது. இங்கிலீஷ் பயமா இருக்கேன்னு விட்றாதீங்க, எல்லா அஃபிடவிட்டும் ஒரே அச்சுலதான் இருக்கும், ஒண்ணு படிச்சிட்டா மத்ததெல்லாம் படிச்ச மாதிரி.

ஆரம்பம் இப்படி இருக்கும்: "ஐ, முருகன், சன் ஆஃப் சுப்பையா, ஏஜ்டு அபௌட் 42 இயர்ஸ், ரிசைடிங் அட்"னு போய் விலாசம் வந்து, "டூ ஹியர்பை சாலம்லி அஃபர்ம் அண்ட் சின்சியர்லி ஸ்டேட் ஆஸ் ஃபாலோஸ்"னு முடியும். ஹியர்பைன்னா "இந்த பேப்பர் மூலமாவே", அதாவது வேற எங்கயும் போய் தனியா சொல்ல வேண்டியதில்ல, இந்த வரியே சொன்னதுக்கு சமம். சாலம்லிய உச்சரிக்கும்போது நடுவுல இருக்குற N எழுத்தோட சத்தம் வராது, சாலம்லின்னே சொல்லுங்க. இந்த மொத பாராலதான் நம்மாளுங்களுக்கு பெரிய தலைவலியே, அது இன்ஷியல். ஆதார்ல எஸ் முருகன், பள்ளிக்கூட சர்டிஃபிகேட்ல முருகன் எஸ், பேங்க்ல முருகன் சுப்பையா, பட்டால வெறும் முருகன். நாலு பேரும் ஒரே ஆள்தான்னு சொல்றதுக்கே தனியா ஒரு அஃபிடவிட் போடுறாங்க, "ஒன் அண்ட் த சேம் பர்சன்"னு அதுல வரும். அத போடும்போது ஒவ்வொரு ஆவணத்துலயும் பேர் எப்படி எழுத்துக்கு எழுத்து இருக்கோ அப்படியே, புள்ளி, இடைவெளி முதற்கொண்டு பாத்து எழுதணும், ஞாபகத்துலேருந்து சொல்லாதீங்க, எல்லா ஒரிஜினலையும் கையில எடுத்துட்டு வாங்க.

கையெழுத்து போடுறவர டெப்போனன்ட்னு சொல்லுவாங்க. அதுவும் லத்தீன்தான், கீழ வைக்கிறதுங்கற சொல்லோட வழித்தோன்றல், தனக்கு தெரிஞ்சத எல்லார் முன்னாடியும் எடுத்து வைக்கிறவர். அமெரிக்காவுல அஃபையன்ட்டுன்னும் எழுதுவாங்க, அங்க இருக்குற சொந்தக்காரங்க அனுப்புற பேப்பர்ல பாத்தா குழம்ப வேணாம், ரெண்டும் ஒரே ஆள்தான்.

அப்புறம் 1, 2, 3னு நம்பர் போட்ட பாராக்கள். ஒரு பாராவுக்கு ஒரு விஷயம். இதுலதான் நீங்க ரொம்ப கவனமா இருக்கணும். சிவில் நடைமுறைச் சட்டம் 19வது ஆணைல ஒரு விதி இருக்கு, அஃபிடவிட்ல தனக்கு நேரடியா தெரிஞ்ச, தன்னால நிரூபிக்க முடிஞ்ச விஷயத்த மட்டும்தான் சொல்லணும்னு. கேஸ் முடியறதுக்கு முன்னாடி நடுவுல போடுற இடைக்கால மனுக்கள்ல மட்டும் "நான் இப்படி நம்புறேன்"னு சொல்லலாம், அப்பவும் ஏன் நம்புறேன்னு காரணம் சொல்லணும். இத சட்டம்னு பாக்காம ஒரு நல்ல பழக்கமாவே எடுத்துக்கலாம். "எங்க அப்பா 1998ல இந்த வீட்ட வாங்குனார்"னு எழுதுறதுக்கு முன்னாடி உங்களையே கேளுங்க, எனக்கு இது எப்படி தெரியும், பத்திரத்துல பாத்தேனா, யாரோ சொன்னாங்களா? பத்திரத்துல பாத்ததுன்னா பத்திர நம்பரோட எழுதுங்க. சொல்லக் கேட்டதுன்னா அப்படியே எழுதுங்க. தெரியாதுன்னா எழுதாதீங்க, தெரியாதத விட்டுட்டா யாரும் உங்கள தண்டிக்கப் போறதில்ல.

கடைசில வெரிஃபிகேஷன்னு ஒரு பத்தி இருக்கும், மேல சொன்னதெல்லாம் உண்மைன்னு திரும்ப ஒரு தடவ சொல்றது. அதுக்கும் கீழ "சாலம்லி அஃபர்ம்டு அட்"னு ஊர் பேர், தேதி, "சைன்டு இன் மை ப்ரெசன்ஸ்", "பிஃபோர் மீ"ன்னு வரும். இந்த பகுதிக்கு ஜூரட்னு பேர், இதுவும் சத்தியம் பண்றதுங்கற லத்தீன் சொல்தான், ஜூரின்னு சொல்றோமே அதோட ஒரே வேர். "இன் மை ப்ரெசன்ஸ்"னா என் கண்ணு முன்னாடின்னு அர்த்தம். நோட்டரி அங்க எழுதுறது உங்க கதை உண்மைன்னு இல்ல, இந்த ஆள் என் முன்னாடி வந்து சத்தியம் பண்ணி கையெழுத்து போட்டார்னு மட்டும்தான். இது புரியாம "நோட்டரியே சீல் போட்டுட்டார், அப்புறம் எப்படி பொய்யாகும்"னு கேக்குறவங்கள நெறைய பாத்திருக்கேன். சீல் நோட்டரியோடது, வார்த்தை உங்களோடது.

பக்கத்து வீட்டு வார்த்தைங்க

ஆபீஸ்ல கேக்குறது உண்மையிலேயே அஃபிடவிட்டான்னு மொதல்ல உறுதி பண்ணுங்க, ஏன்னா பத்திரத்துல டைப் அடிச்சு சீல் வச்ச எல்லாத்தையும் நம்மாளுங்க அபிடவிட்டுன்னே சொல்றாங்க. நடந்தது இதுதான்னு சத்தியம் பண்றது அஃபிடவிட். இனிமே இப்படி நடந்துக்குவேன்னு வாக்கு குடுக்குறது அண்டர்டேக்கிங். சத்தியம் இல்லாம சும்மா நானே அறிவிக்கிறது டிக்ளரேஷன். ரெண்டு பேர் பேசி ஒத்துக்கிட்டது அக்ரிமென்ட். நஷ்டம் வந்தா நான் ஏத்துக்குறேன்னா இன்டெம்னிட்டி பாண்ட். சில நேரம் ரெண்டு மூணு கலந்தும் வரும், காலேஜ்ல சேரும்போது ராகிங் பண்ண மாட்டேன்னு மாணவரும் பெத்தவங்களும் தனித்தனியா குடுக்குறது யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 விதிப்படி அஃபிடவிட்டுன்னு பேர், ஆனா உள்ள பாதி அண்டர்டேக்கிங்தான்.

நெறைய இடத்துல அஃபிடவிட் இப்ப தேவையே இல்ல. பாஸ்போர்ட்டுக்கு குடுக்குற இணைப்பு படிவங்கள் எல்லாம் 2016 கடைசிலேருந்து வெள்ளைத்தாள்ல சுய அறிவிப்பா குடுத்தா போதும்னு ஆயிடுச்சு, நோட்டரி வேணாம். அது தெரியாம இன்னமும் பத்திரம் வாங்கி காசு செலவு பண்றவங்க இருக்காங்க, அதனால கேக்குற ஆபீஸோட படிவத்த ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் எங்க மாதிரி கடைக்கு வாங்க, எனக்கு ஒரு டைப்பிங் காசு போனா போகுது.

இங்கிலீஷ்ல எப்படி பயன்படுத்துறது

லெட்டர் எழுதுறவங்களுக்கும் பரிட்சை எழுதுறவங்களுக்கும் இது. அஃபிடவிட்ட "ரைட்" பண்றோம்னு சொல்றதவிட "ஸ்வேர்" பண்றோம்னு சொல்றதுதான் பழகுன இங்கிலீஷ். ஷி ஸ்வோர் அன் அஃபிடவிட், அவங்க சத்தியக் கடதாசி குடுத்தாங்க. கோர்ட்ல குடுக்கும்போது "ஃபைல்" பண்றது. அதுல சொல்லியிருக்குன்னு சொல்ல "இன் த அஃபிடவிட்", சத்தியத்தோட எழுத்துல குடுத்தார்னு சொல்ல "பை அஃபிடவிட்". "ஸ்வோர்ன் அஃபிடவிட்"னு நியூஸ்ல கூட எழுதுறாங்க, நடுசென்டர்ங்கற மாதிரி அது, சத்தியம் அந்த சொல்லுக்குள்ளயே இருக்கு, நான் எழுத மாட்டேன். ஒண்ணுக்கு மேல இருந்தா அஃபிடவிட்ஸ், லத்தீன் பன்மை எதுவும் தேடாதீங்க, அது மூலத்துல வினைச்சொல், அதுக்கு பன்மைப் பேரே கெடையாது.

கேஸ்ல எதிர்த்தரப்புக்காரர் பதிலுக்கு போடுறது கவுன்ட்டர் அஃபிடவிட், கோர்ட்ல "கவுன்ட்டர் போட்டாச்சா"ன்னு சுருக்கி கேப்பாங்க. சாட்சி தன்னோட முதல் விசாரணை வாக்குமூலத்த எழுத்துல குடுக்குறது ப்ரூஃப் அஃபிடவிட், 2002ல சிவில் நடைமுறைச் சட்டத்துல வந்த திருத்தத்துக்கு அப்புறம் சிவில் கேஸ்ல இது சாதாரணமாயிடுச்சு.

இந்த வார்த்தை எவ்வளவு தூரம் மனுஷ வாழ்க்கைக்குள்ள போகும்ங்கறதுக்கு ஒரு பழைய உதாரணம் சொல்றேன். 17ம் நூற்றாண்டுல இங்கிலாந்துல கம்பளி வியாபாரம் படுத்துச்சுன்னு, செத்தவங்கள கம்பளித் துணில சுத்திதான் புதைக்கணும்னு 1666ல சட்டம் போட்டாங்க. யாரும் மதிக்கல. 1678ல அத இறுக்கி, புதைச்ச எட்டு நாளைக்குள்ள ஒருத்தர் வந்து கம்பளிலதான் புதைச்சோம்னு அஃபிடவிட் குடுக்கணும், இல்லன்னா 5 பவுண்ட் அபராதம்னு வச்சாங்க. அந்த காலத்து சர்ச் பதிவேட்டுல செத்தவங்க பேருக்கு பக்கத்துல அஃபிடவிட் வந்துச்சு, வரலன்னு குறிச்சு வச்சிருக்கறத இன்னைக்கும் பாக்கலாம். 1814ல தான் அந்த சட்டம் ஒழிஞ்சுச்சு. பொணத்துக்கு எந்த துணின்னு கூட ஒரு உயிருள்ள ஆள் வந்து சத்தியம் பண்ண வேண்டியிருந்துச்சு.

இன்னைக்கு நம்ம நாட்டுல இந்த வார்த்தை அதிகமா அடிபடுறது தேர்தல் சமயத்துலதான். 2002ல உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்புக்கு அப்புறம் வேட்பாளருங்க அவங்க சொத்து, கடன், படிப்பு, மேல இருக்குற கிரிமினல் கேஸ் எல்லாத்தையும் அஃபிடவிட்ல சொல்லியாகணும், படிவம் 26னு பேர், தேர்தல் ஆணையத்தோட தளத்துல யார் வேணாலும் எடுத்து படிக்கலாம். உங்க தொகுதிக்காரரோடத ஒரு தடவ எடுத்து படிங்க, அஃபிடவிட் படிச்சுப் பழக அதவிட நல்ல பாடம் இல்ல, எல்லா பகுதியும் அதுல இருக்கும். பொய்யா குடுத்தாலோ மறைச்சாலோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்லுது. நம்ம குடுக்குறதுக்கு இன்னும் கடுமை, கோர்ட் விசாரணைல தெரிஞ்சே பொய் சாட்சியம் குடுத்தா ஏழு வருஷம் வரைக்கும், மத்த இடத்துல மூணு வருஷம் வரைக்கும், புது பாரதிய நியாய சன்ஹிதால 229வது பிரிவு.

கையெழுத்து போடுற அன்னைக்கு

முத்திரைத்தாள் எவ்வளவு மதிப்புல வாங்கணும்ங்கறது மாநிலத்துக்கு மாநிலம் வேற, அடிக்கடி ஏத்துறாங்க, அதனால பத்திரம் விக்கிறவர்கிட்டயே அன்னைக்கு ரேட் என்னன்னு கேட்டு உங்க பேர்லயே வாங்குங்க, பழசா வீட்ல கெடக்குறது, அடுத்தவங்க பேர்ல வாங்குனது வேணாம். கோர்ட் கேஸ்ல தாக்கல் பண்றதுக்கு முறை வேற, அத உங்க வக்கீல் சொல்லுவார்.

அடிச்ச பேப்பர கையில வாங்குனதும் நேரா கடைசி பக்கத்துக்கு போகாதீங்க. மொத வரிலேருந்து விரல வச்சு படிங்க. இங்கிலீஷ் தெரியலன்னா தமிழ்லயே அடிக்கச் சொல்லுங்க, வாங்குற ஆபீஸ் தமிழ் வேணாம்னு சொன்னா மட்டும் இங்கிலீஷ். அப்பவும் ஒவ்வொரு பாராவையும் தமிழ்ல சொல்லச் சொல்லி கேளுங்க, கேக்குறது உங்க உரிமை. எழுதப்படிக்கத் தெரியாதவங்க கைநாட்டு வைக்கும்போது, படிச்சு காட்டி தமிழ்ல விளக்கி புரிஞ்சுக்கிட்டு வச்சாங்கன்னு ஒரு வரி ஜூரட்ல சேரணும், அந்த வரி சும்மா அலங்காரத்துக்கு இல்ல.

ரெண்டு மூணு வருஷம் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க, அறுபது வயசுக்கு மேல இருக்கும், கூட அவங்க அண்ணன் மகன். வேற எங்கயோ அடிச்ச பேப்பர், ஜெராக்ஸ் மட்டும் போடணும்னு குடுத்தாங்க, இன்னும் கையெழுத்து போடல. வாரிசு சர்டிஃபிகேட்டுக்கு கேட்டாங்கன்னு அந்த அம்மா சொன்னாங்க. ஜெராக்ஸ் மெஷின்ல வைக்கும்போது என் கண்ணு நாலாவது பாரால பட்டுச்சு, "ஐ ஹேவ் நோ அப்ஜெக்ஷன்"னு ஆரம்பிச்சு பூர்வீக வீட்டுல தனக்கு எந்த பங்கும் வேணாம்னு இருந்துச்சு. எனக்கு சம்பந்தமில்லாத விஷயம்தான், இருந்தாலும் "அம்மா, இதுல வீட்டு பங்கு வேணாம்னு நீங்க சொல்ற மாதிரி இருக்கு, தெரிஞ்சுதானே போடுறீங்க?"ன்னு கேட்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் பேப்பர வாங்கி நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, "வீட்ல போயி பேசிக்கிறேன் தம்பி"ன்னு சொல்லிட்டு எழுந்துட்டாங்க. அந்த பையன் மேல குத்தமா, அடிச்சவங்க மேல குத்தமா எனக்கு தெரியாது. அன்னைலேருந்து நான் அடிக்கிற ஒவ்வொண்ணையும் வாய்விட்டு தமிழ்ல படிச்சு காட்டாம குடுக்குறதில்ல, கூட்டம் நின்னாலும் சரி.

படிச்சு தப்பு இருந்தா பேனால அடிச்சு திருத்தாதீங்க, புதுசா அடிக்கச் சொல்லுங்க. அவசரத்துல பேனால திருத்தியே ஆகணும்னா திருத்துன ஒவ்வொரு இடத்துலயும் நீங்களும் நோட்டரியும் சின்ன கையெழுத்து போடணும். காலி இடம் விட்ட பேப்பர்ல எந்த காரணத்துக்கும் கையெழுத்து போடாதீங்க, "தேதி அப்புறம் போட்டுக்கலாம்"னு சொன்னாலும் சரி. எல்லா பக்கத்துலயும் கீழ கையெழுத்து போடுங்க, நடுப்பக்கத்த மாத்த முடியாம இருக்கும். கையெழுத்த கடைல போடாதீங்க, நோட்டரி முன்னாடி போய் போடுங்க, ஒரிஜினல் அடையாள அட்டை கொண்டு போங்க. அவர் ஒரு ரிஜிஸ்டர்ல எழுதி உங்ககிட்ட அதுலயும் ஒரு கையெழுத்து வாங்குவார், அந்த பதிவு நம்பரும் அவர் சீல்ல இருக்குற பதிவு எண்ணும் பேப்பர்ல தெளிவா தெரியுதான்னு பாத்துக்கோங்க. வெளிய வந்ததும் ஆபீஸுக்கு ஒரிஜினல குடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து, அதுல ஒண்ணுல குடுத்த தேதி, ஆபீஸ் பேர் எழுதி, முடிஞ்சா வாங்குனவர்கிட்ட ஒரு சீல் வாங்கி வீட்ல பத்திரமா வைங்க.